கருவாயன் மாட்டிக்கொண்ட மணி

பர்மா எல்லையோரத்து மலைக்காட்டில் கோவேறு கழுதைக் கூட்டம் ஒன்று தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது.

அது இரண்டாம் உலகப் போரின் ஐந்தாம் ஆண்டு. காட்டின் உச்சியில் ஒரு மொட்டைக் குன்று. குன்றின்மேல் இந்தியச் சிப்பாய்கள். அவர்களைச் சுற்றி ஜப்பானியப் படை. குன்று கைவிட்டுப் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் மலைச்சாலையும் போய்விடும். சாலை போனால், அதன் கோடியில் இருக்கும் அரிசிக் கிடங்குகளும் போய்விடும்.

குன்றில் துப்பாக்கி இருந்தது. ரொட்டி இருந்தது. தண்ணீர்தான் இல்லை. காட்டுக்குள் மறைந்துகிடந்த ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் எதிரியின் கண்ணில் இன்னும் படவில்லை. அந்த வழியாகத்தான் கழுதைகள் ஓடைத் தண்ணீரைத் தகர டின்களில் சுமந்து மேலே போயின.

எல்லாருக்கும் முன்னால் போவது பூரணி. அவள் கழுதை அல்ல, செம்பழுப்பு நிறக் குதிரை. கோவேறு கழுதைக்குத் தகப்பன் கழுதை, தாய் குதிரை. அதனால் ஒரு பெண் குதிரையைக் கண்டால் போதும், கோவேறு கழுதைகள் குட்டிகளைப் போல அதன் பின்னாலேயே போய்விடும். பூரணியின் கழுத்தில் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தார்கள். பனிமூட்டத்தில் முன்னால் போகிறவரின் வால்கூடத் தெரியாது. மணிச் சத்தம் எங்கே போகிறதோ அங்கே கூட்டம் போகும்.

எல்லாருக்கும் பின்னால் போவது கருவாயன். அவனுக்குப் பின்னங்காலை வீசி உதைக்கும் பழக்கம். அவனுக்குப் பின்னால் யாரையும் விட முடியாது.

கருவாயன் கெட்டவன் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு டின் நிறையத் தண்ணீரைத் தளும்பாமல் கொண்டுபோவதில் அவனுக்கு நிகராக அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. ஆனால் அது அவனுக்கே ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவன் கண்ணெல்லாம் முன்னால் இருந்தது.

"பாருடா சோணை, மகாராணி கிளம்பிட்டா!" என்பான், தனக்கு முன்னால் போகும் கழுதையிடம். "முதுகுல ஒரு துரும்பு உண்டா? வெறும் மணி! அதைக் கிணுகிணுன்னு ஆட்டிக்கிட்டு நடக்குறதுக்கு எண்ணெய்த் தடவல் வேற!"

"உனக்கும் தடவச் சொல்லவா? உதைக்காம நிப்பியா?" என்பான் சோணை.

"கேலி பண்ணு. நல்லாப் பண்ணு. பட்டமரம் தாண்டினதும் கவனிச்சிருக்கியா? மணிச் சத்தம் நின்னுபோகும். அந்த ஒரு வேலையையும் பாதி வழியில விட்டுடுறா. அவ்வளவு சோம்பேறித்தனம்! அதுக்கப்புறம் நாமதான் மூக்கை முன்னால இருக்கிறவன் வால்ல வெச்சுக்கிட்டுத் தடவித் தடவிப் போகணும்."

சோணை ஏதோ சொல்ல வாயெடுப்பான். ஆனால் கருவாயனின் புலம்பல் ஆரம்பித்தால் குறுக்கே பேசுவது வீண். பேசாமல் நடப்பான்.

ஓடைக்கரையில் ஒரு தபால் புறா இருந்தது. பெயர் பொட்டு. காலில் சின்னக் குழலைக் கட்டி அனுப்புவார்கள். படைமுகாமின் வானொலிப் பெட்டிக்கு மேலேயே அதன் கூண்டு இருந்ததால், உலகச் செய்தி எல்லாம் அதற்கு அத்துப்படி. அதை அடக்கிவைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது.

"கேட்டீங்களா!" என்றது ஒருநாள், சேணத்தின்மேல் வந்து உட்கார்ந்து. "இந்தப் போர் ரெண்டு வருஷமாவே திரும்பிக்கிட்டிருக்குதாம்! கடல் நடுவுல மிட்வேன்னு ஒரு தீவு. அங்க ஜப்பான்காரன் கப்பல்கள் மூழ்கினது ஒரு திருப்பம். பாலைவனத்துல எல் அலமெய்ன் ஒரு திருப்பம். பனியில ஸ்டாலின்கிராட் ஒரு திருப்பம். அடுத்த திருப்பம் இந்த மலையிலதானாம்!"

"அதையெல்லாம் யார் திருப்பினது?" என்று கேட்டான் கருவாயன்.

"தளபதிங்க பேரைச் சொன்னாங்க. எனக்கு வாயில நுழையலை. ஆனா ஒண்ணு கவனிச்சேன். பாலைவனத்துல டாங்கிக்கு எண்ணெய் வந்து சேரலை. பனியில மாட்டிக்கிட்ட படைக்கு ரொட்டி வந்து சேரலை. எங்க சுமை வந்து சேரலையோ அங்கதான் திரும்பியிருக்குது."

கருவாயன் காதில் பின்பாதி விழவே இல்லை. 'தளபதிகள் பேர்' என்பதோடு அவன் மனம் நின்றுவிட்டது.

"பாத்தியா? எங்க பாத்தாலும் முன்னால நிக்கிறவன் பேர்தான்! நாளைக்கு இந்த மலையில திருப்பம் வந்தா யார் பேரைச் சொல்லுவாங்க? மணி கட்டினவ பேரை! தூக்கினவன் பேரை யார் கேக்கப்போறா?"

"என் பேரைக் கேப்பாங்க," என்றது பொட்டு, கழுத்தை நிமிர்த்தி.

கருவாயனுக்கு அதன் காலில் இருந்த குழலைப் பார்க்கவும் வயிறு எரிந்தது. தோலைச் சிலிர்த்து அதை உதறிவிட்டான்.

தினமும் குன்றின் மேலே போனதும் ஒவ்வொரு கழுதையும் ஒவ்வொரு பதுங்குகுழிக்கு முன்னால் நிறுத்தப்படும். முதல் கழுதை முதல் குழிக்கு. கடைசிக் கழுதையான கருவாயன் கடைசிக் குழிக்கு. கடைசிக் குழியில்தான் காயம்பட்டவர்கள் படுத்திருந்தார்கள்.

அங்கே இருளப்பன் என்று ஒரு சிப்பாய். தொடையில் குண்டுக் காயம். எழுந்திருக்க முடியாது. கருவாயனின் குளம்புச் சத்தம் கேட்டதும் கையை மட்டும் வெளியே நீட்டுவார்.

"கருவாயன் வந்துட்டானா? வாடா ராசா, வா!" என்று அவன் காதைப் பிடித்து மெல்ல இழுப்பார். தன் பங்கு பிஸ்கட்டில் ஒரு துண்டை அவனுக்காக வைத்திருப்பார். அவர் வாய் வறண்டு உதடு வெடித்திருக்கும். முதல் குவளைத் தண்ணீரை அடுத்த பாயில் கிடப்பவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டாவதைத் தான் வாங்கிக்கொள்வார்.

கருவாயன் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அந்தப் பக்கம் பார்ப்பான். அங்கே பூரணியைச் சுற்றி நாலைந்து சிப்பாய்கள் நின்று, "மணிக்காரி வந்துட்டா!" என்று அவள் நெற்றியைத் தட்டிக்கொடுப்பார்கள். அவன் வாயில் பிஸ்கட் மண்ணாகிவிடும்.

ஒருநாள் பிற்பகல். மலையெல்லாம் பனிமூட்டம். டின்களில் தண்ணீர் நிரப்பியாயிற்று. கழுதைகள் வரிசையாகச் சுமையோடு நின்றன. அன்று மேலே தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை என்று பொட்டு காலையிலேயே செய்தி கொண்டுவந்திருந்தது.

கழுதைகளை ஓட்டிப்போகும் சிப்பாய் சந்தியாகு, பூரணியின் கழுத்திலிருந்து மணியைக் கழற்றினார். தோல் வார் உராய்ந்து உராய்ந்து அவள் கழுத்தில் புண்ணாகியிருந்தது. வாரை ஒரு மரக்கட்டையில் தொங்கவிட்டுவிட்டுப் புண்ணுக்கு எண்ணெய் போட்டார். பிறகு கையையும் துணியையும் கழுவ ஓடைக்கு இறங்கினார்.

கட்டையில் மணி தொங்கியது.

கருவாயன் அதைப் பார்த்தான். வரிசையை விட்டு நகர்ந்தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். வார் பெரிய வளையமாக வாயைத் திறந்துகொண்டு அவனுக்காகவே காத்திருப்பதுபோல இருந்தது. தலையைக் குனிந்து உள்ளே விட்டான். காது ஒரு கணம் தடுத்தது. காதை மடக்கினான். வார் கட்டையிலிருந்து கழன்று, வழுக்கிக் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

கிணுங்!

எத்தனை நாள் ஆசை! அவன் ஓர் அடி வைத்தான். கிணுங்! இன்னோர் அடி. கிணுங், கிணுங்!

பனிமூட்டத்துக்குள் நின்ற கழுதைகளின் காதுகள் நிமிர்ந்தன.

"கிளம்பியாச்சு போலிருக்கே," என்றது முன்னால் நின்ற செவலைக் கழுதை.

"நடங்கப்பா, நடங்க!" என்றது இன்னொன்று.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கழுதைகளும் மணிச் சத்தத்தின் பின்னால் நடந்தன. அன்று கடைசியாக வந்தவன் சோணை.

புதர் மறைவில் நின்றிருந்த பூரணி தலையைத் தூக்கினாள். தன் கழுத்தில் இல்லாத மணி காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது! அவள் காலைத் தட்டினாள். சந்தியாகு ஓடைக்குள் இருந்தார். அவரைக் கூப்பிடவும் முடியவில்லை, காத்திருக்கவும் முடியவில்லை. கயிற்றை இழுத்து அறுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கருவாயனுக்கோ பூமியில் கால் படவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் முழுக் கூட்டம்! அவன் இடப்பக்கம் ஒதுங்கினால் அவர்களும் ஒதுங்கினார்கள். அவன் வேகமாகப் போனால் அவர்களும் வேகமாக வந்தார்கள்.

'இவ்வளவுதானா! இதற்குத்தானா இத்தனை பவிசு!' என்று நினைத்தான்.

ஆனால் கொஞ்ச தூரத்தில் ஒரு விசித்திரம். பாதை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இத்தனை நாளும் முன்னால் ஒரு முதுகு இருந்தது. அதைப் பார்த்து நடந்தான். இப்போது முன்னால் வெறும் வெள்ளைப் புகை. ஓரிடத்தில் மண் சரிந்து முன்னங்கால் வழுக்கியது. டின்களின் கனம் அவனைப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. எப்படியோ சமாளித்து நின்றான். குனிந்து மண்ணை முகர்ந்து பார்க்கலாம் என்றால், சுமை குனிய விடவில்லை.

பூரணியின் முதுகில் ஏன் ஒரு துரும்புகூட வைப்பதில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதலில் போகிறவள்தான் முதலில் வழுக்க வேண்டும். வழுக்கினால் எழுந்துகொள்ள முதுகு காலியாக இருக்க வேண்டும்.

உறைத்தது. ஆனால் உடனே அதை ஒதுக்கிவிட்டான். 'நான் சுமையோடேயே முன்னால் போகிறேனே! அப்படியானால் அவளைவிட நான்தான் பெரியவன்!'

பட்டமரம் வந்தது. பாதை அங்கே வளைந்தது. கருவாயன் மணியை ஆட்டிக்கொண்டே வளைவில் திரும்பினான்.

"அக்கா!" பின்னாலிருந்து செவலையின் குரல், பயந்து, தணிந்து. "பூரணியக்கா! நில்லுங்க! பட்டமரம் வந்துடுச்சு!"

'நான் நிற்பதா?' என்று நினைத்தான் கருவாயன். 'பாதி வழியில் மணியை நிறுத்த நான் என்ன அவளா? மேலே போகும்வரைக்கும் ஆட்டிக் காட்டுகிறேன் பார்!'

கிணுங்! கிணுங்! கிணுங்!

வரிசையின் கடைசியில் இருந்தவனுக்கு வரிசையின் முன்னால் என்ன நடக்கிறது என்பது எப்படித் தெரியும்? பட்டமரத்தடியில் தினமும் சந்தியாகு ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மணிக்குள் திணிப்பார். மணியின் நாக்கு அசையாது. ஏனென்றால் அந்த வளைவுக்கு அப்பால், பள்ளத்தின் மறுகரையில், எதிரியின் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. பனியில் அவர்களுக்குக் கண் தெரியாது. காது மட்டும் கேட்கும்.

அன்று கேட்டது.

தடதடதடவென்று பள்ளத்துக்கு அப்பாலிருந்து குண்டுகள் பாய்ந்தன. மரப்பட்டை தெறித்தது. கழுதைகள் சிதறின. ஒருத்தி பாறையிடுக்கில் புகுந்தாள். ஒருவன் சேணத்தோடு முட்புதரில் விழுந்தான். கருவாயன் மிரண்டு துள்ளினான். துள்ளத் துள்ள மணி அடித்தது. மணி அடிக்க அடிக்கக் குண்டு வந்தது. டங்கென்று அவன் விலாப்பக்கத்தில் ஏதோ மோதியது. மறுபக்கமும் டங்!

"அசையாதே!"

பூரணி வந்துவிட்டாள். மூச்சிரைத்தது. கழுத்துப் புண்ணிலிருந்து இரத்தம் வழிந்தது.

"டேய், நீ அசைஞ்சா மணி அடிக்கும். மணி அடிச்சா எல்லாரும் செத்தோம். மூச்சைக்கூட மெதுவா விடு!"

"அக்கா... நான்..."

"பேசாதே!"

கருவாயன் கல்லாக நின்றான். மணி நின்றது. சற்று நேரத்தில் துப்பாக்கியும் நின்றது. மறுகரையில் அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

பூரணி ஒவ்வொரு கழுதையாகப் போய் மூக்கால் தொட்டாள். "எழுந்திரு. என் வாலை முகர்ந்துக்கிட்டு வா." ஒவ்வொருவரும் முன்னவரின் வாலில் மூக்கை வைத்தார்கள். மணி இல்லாமலே வரிசை சேர்ந்துவிட்டது. அவர்கள் இத்தனை நாளும் மணியின் பின்னால் வரவில்லை. மணிக்குக் கீழே இருந்தவளின் பின்னால் வந்தார்கள்.

நடுப்பாதையில் நின்ற கருவாயனை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். அவனால் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை.

அப்போதுதான் காலில் ஏதோ சில்லென்று பட்டது.

கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தான். இரண்டு பக்கத்து டின்களிலும் ஓட்டை. தண்ணீர் அவன் வயிற்றில் வழிந்து, காலில் இறங்கி, குளம்பைச் சுற்றித் தேங்கி, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றாலாவது பாதியைக் காப்பாற்றலாம். சாய்ந்தால் மணி அடிக்கும்.

கருவாயன் சாயவில்லை. ஆசைப்பட்டு மாட்டிய மணியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தளும்பாமல் சுமக்கத் தெரிந்த அந்த முதுகிலிருந்து தண்ணீர் கடைசிச் சொட்டுவரை போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கடைசியாகச் சோணை தாண்டினான். "வர்றேண்டா," என்று மட்டும் முணுமுணுத்தான். கேலி எதுவும் இல்லை. அதுதான் கருவாயனுக்குத் தாங்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சந்தியாகு தவழ்ந்து வந்தார். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மணிக்குள் திணித்தார். டின்களைத் தொட்டுப் பார்த்தார். அவனை அடிக்கவில்லை. "வா," என்றார்.

குன்றின்மேல் எல்லாக் குழிகளுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்திருந்தது. பூரணி கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். கடைசிக் குழிக்கு மட்டும் போகவில்லை. கடைசிக் கழுதை இன்னும் வரவில்லை.

குளம்புச் சத்தம் கேட்டதும் கை வெளியே நீண்டது.

"கருவாயன் வந்துட்டானா? வாடா ராசா! எங்கடா போயிட்டே இத்தனை நேரம்?"

மருத்துவச் சிப்பாய் டின்னைத் தூக்கினார். அது கனக்கவில்லை. கவிழ்த்தார். ஒரு துணியை உள்ளே விட்டுத் துழாவி, அதைக் குவளைமேல் பிழிந்தார். குவளையின் அடி நனைந்தது. அடுத்த குழிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவர ஓடினார். அங்கேயும் அதற்குள் பெரும்பகுதி குடித்துத் தீர்ந்திருந்தது; எல்லாருக்கும் உதடு நனைக்க மட்டும் கிடைத்தது.

"முதல்ல பக்கத்துப் பாய்க்காரருக்கு," என்றார் இருளப்பன். பிறகு அவருடைய முறை வரும்போது துணியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. அதை உதட்டில் ஒற்றிக்கொண்டார். மறு கையால் பிஸ்கட் துண்டை நீட்டினார்.

கருவாயன் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.

அந்தப் பக்கம் சிப்பாய்கள் பூரணியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் அவன் முதல்முறையாக அங்கே திரும்பிப் பார்க்கவில்லை.

மணி மறுபடி கேட்காததால், பனிக்குள் பாதை எங்கே என்று எதிரிக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலை புது டின்களோடு அவனை ஓடைக்கரையில் நிறுத்தினார்கள். பூரணி அருகில் வந்தாள்.

"அக்கா, அந்த ஆள்... மேலே கடைசிக் குழியில..."

"இருக்காராம். பொட்டு சொல்லுச்சு. ராத்திரியெல்லாம் தண்ணி தண்ணின்னு அனத்தினாராம். உன்னைத்தான் கேட்டாராம். கருவாயன் எப்ப வருவான்னு."

"என் பேரையா கேட்டார்?"

"பின்னே? அந்தக் குழியில என் பேரு யாருக்குடா தெரியும்!" என்றாள் பூரணி. பிறகு மூக்கைச் சுளித்தாள். "மணி வேணுமா? எடுத்துக்கோ. இந்தப் புண்ணையும் சேர்த்து எடுத்துக்கோ!"

கருவாயன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அன்று அவன் நடந்த நடையில் டின்னுக்குள் தண்ணீர் இருந்த சத்தமே கேட்கவில்லை. கடைசிக் குழியில் இருளப்பன் இரண்டாவது குவளையை முழுதாகக் குடித்தார்.

குன்று விழவில்லை. சாலையும் விழவில்லை. எதிரிகள் எதிர்பார்த்த அரிசிக் கிடங்கு அவர்கள் கைக்கு வரவில்லை. கொண்டுவந்த மாடுகளையெல்லாம் அவர்கள் தின்று தீர்த்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பசியோடு, சேற்றோடு, வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

"திரும்பிடுச்சு! போர் திரும்பிடுச்சு!" என்று கத்திக்கொண்டே வந்து சேணத்தில் உட்கார்ந்தது பொட்டு. "வானொலியில சொல்லிட்டாங்க!"

"யார் பேரைச் சொன்னாங்க?" என்று கேட்டான் சோணை, ஓரக்கண்ணால் கருவாயனைப் பார்த்து.

"யாரோ தளபதி பேரு. நம்ம யார் பேரும் வரலை. என் பேருகூட வரலை!" புறாவுக்கு மனசே ஆறவில்லை.

எல்லாரும் கருவாயனைப் பார்த்தார்கள். அவன் காது ஒருமுறை துடித்தது. பழைய எரிச்சல் வயிற்றுக்குள் எங்கோ ஒரு மூலையில் இன்னும் இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் பொய்.

பக்கத்தில் கட்டையில் மணி தொங்கிக்கொண்டிருந்தது. சந்தியாகு எண்ணெய்த் துணியைக் கழுவ ஓடைக்குப் போயிருந்தார். வார் பெரிய வளையமாக வாயைத் திறந்திருந்தது.

கருவாயன் அதைச் சுற்றிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் நின்றான். தன் டின்களின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மூக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அடுத்தவர் கழுத்தில் தொங்குவதைப் பார்த்துப் பொருமுகிறவர், தம்மை நம்பித் தம் முதுகில் ஏற்றியதைச் சிந்திவிடுவார்.